ஒப்பும் சம்மதமும்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு மூன்று கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்திருப்பார்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம். கடன் கேட்டு வரும் கம்பெனிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் வருவது ஈ.எஸ்.ஜி. மதிப்பெண். அந்தத் தாளைக் கிண்டல் செய்ய நான் இதை எழுதவில்லை. அதைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். அதில் இருக்கும் எழுத்துப்பிழை என்னுடையது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அதை மட்டும் நான் ஏற்கவில்லை.

நம் வங்கியின் திருவனந்தபுரம் சோனல் ஆபீசில் கடன் ரிஸ்க் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதே ஊரில் கிழக்கேகோட்டைக்காரி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் இங்கிலீஷ். என் பெயர் தெரியாதவர்கள்கூட 'ஒப்பு மாமி' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், முகத்துக்கு நேரே சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. அந்தப் பெயர் வந்த கதையையே சொல்லிவிடுகிறேன். மூன்று கட்டமும் அதற்குள் வந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி இங்கே வருகிறவர்களை முதலில் கவிழ்ப்பது 'வெள்ளம்' என்ற சொல். மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். திருநெல்வேலியிலிருந்து வந்த சண்முகத்திடம் கேன்டீன்காரர் "சாரே, வெள்ளம் வேணோ?" என்று கேட்டதும் அவர் சன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார் என்று ஆபீஸ் முழுக்கச் சிரித்தோம். சண்முகமும் சேர்ந்து சிரித்தார். நாற்பது வயதுக்காரர், கணக்கில் புலி. ஐந்து வருட வரவு செலவைப் பார்த்தால் ஆறாவது வருடத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் என் பிரிவுக்கு வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

வெள்ளம் ஆபத்தில்லாத சொல். தப்பாகப் புரிந்துகொண்டால் அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும். கடன் ஆபீசில் ஆபத்தான சொற்கள் வேறே இருக்கின்றன. தப்பாகப் புரிந்தாலும் பொருள் சரியாகவே பொருந்தி உட்கார்ந்துகொள்ளும், யாருக்கும் சந்தேகம் வராது.

விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி நம்மிடம் பெரிய கடன் கேட்டு வந்தது. இறால் உரித்து, உறைய வைத்து, கப்பலில் ஏற்றுகிறவர்கள். இறால் உரிக்கும் இடத்தை பீலிங் ஷெட் என்பார்கள். அங்கே வேலை செய்வது முழுக்கச் சுற்றுவட்டாரப் பெண்கள். முதலாளி வர்கீஸ், ஒற்றை பீலிங் ஷெட்டில் தொடங்கி மேலே வந்த உழைப்பாளி. உற்பத்தியை இரட்டிப்பாக்க ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்ட வேண்டும். புதிதாக வந்திருந்த நம்முடைய பசுமைக் கடன் திட்டத்தில், குறைந்த வட்டியில் கேட்டார். அட்டையில் கடல் ஆமை படம் போட்ட வழவழப்பான ஓர் அறிக்கையும் கூடவே வந்தது. ஆமை அழகாகத்தான் இருந்தது.

சண்முகம் போய்ப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதினார். கணக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒரே ஓர் இடத்தில் என் பேனா நின்றது. முதலில் அவர்கள் போட்ட திட்டத்தில் குளிர்பதனக் கிடங்கும் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் ஒன்றாக இருந்தன. இப்போது கிடங்கு மட்டும் முதல் கட்டம், சுத்திகரிப்பு நிலையம் இரண்டாம் கட்டம் என்று மாறியிருந்தது. இரண்டாம் கட்டம் எப்போது என்று எழுதவில்லை. நம் தொழிலில் இரண்டாம் கட்டம் என்றால் சித்திரை பிறந்தாலும் வராது, ஐப்பசி பிறந்தாலும் வராது.

ஆனால் அதற்கு நேர் எதிரே, நிர்வாகக் கட்டத்தில், சண்முகம் முழு மதிப்பெண் போட்டிருந்தார். 'இந்த மாற்றத்துக்கு, சுயேச்சை இயக்குநர் உள்பட எல்லா இயக்குநர்களும் ஒப்புதல் அளித்துள்ளனர்' என்று ஒரு வரி. சுயேச்சை இயக்குநர் என்பவர் முதலாளியின் உறவோ கூட்டாளியோ இல்லாமல், கேள்வி கேட்பதற்காகவே உட்கார வைக்கப்படுகிறவர். இந்தக் கம்பெனியில் அது டெய்சி டீச்சர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வேதியியல் படித்தவர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தள்ளிப்போடச் சரியென்றாரா? எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

சண்முகத்தைக் கூப்பிட்டேன்.

"இது எப்படித் தெரிஞ்சுது?"

"கம்பெனி செக்ரட்டரிகிட்ட போன்ல கேட்டேன் மேடம். தெளிவா சொல்லுதாரு."

"அவர் என்ன சொன்னாரோ, அதை அட்சரம் மாத்தாம அப்படியே சொல்லுங்கோ."

சண்முகம் யோசித்தார். "எல்லாருடெயும் ஒப்பு உண்டு சாரே, ஒரு குழப்பவும் இல்லன்னாரு."

"ஒப்புன்னாரா, சம்மதம்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

இதுதான் அந்தச் சொல். தமிழில் ஒப்பு என்றால் இசைவு. ஒப்புக்கொண்டான், ஒப்புதல் தந்தான் என்கிறோம். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து, அவ்வளவுதான். செக்ரட்டரி 'எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது' என்றார். சண்முகம் 'எல்லாருக்கும் சம்மதம்' என்று கேட்டார். செக்ரட்டரி பொய் சொல்லவில்லை. சண்முகமும் கவனக்குறைவாக இல்லை, தன் தாய்மொழியை நம்பினார். கணக்குப் புலியை ஒரு சொல் கவிழ்த்துவிட்டது.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "இத்தன வருசம் சர்வீஸ் பண்ணி, ஒரு வார்த்தையில போயி விழுந்துட்டேனே மேடம்" என்றார். "விழுந்தது நீங்க இல்ல, அந்த வரிதான். வாங்கோ, எடுத்து நிறுத்தலாம்" என்று சொல்லி வண்டிக்குச் சொன்னேன். அறிக்கையைப் பத்து முறை படிப்பதைவிட ஆளை ஒரு முறை பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

டெய்சி டீச்சர் வீடு கம்பெனியிலிருந்து கூப்பிடு தூரம். மழை பெய்துகொண்டிருந்தது. டீச்சர் எங்களை உட்கார வைத்து, சண்முகத்தின் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். நாகர்கோவிலில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒப்பிட்டேன். இல்லன்னு சொல்லல்ல. மீட்டிங் வந்தவங்க எல்லாரும் ஒப்பிடணும்னு புஸ்தகம் நீட்டினாங்க, ஒப்பிட்டேன். வந்ததுக்கு ஒப்பு. சம்மதிச்சேன்னு ஆரு சொன்னா?"

"மீட்டிங்ல என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னேன். பின்னெயும் சொன்னேன். இப்பவே அந்தப் பழைய கழிவுக் குழி தாங்கல்ல. இறால் இரட்டிச்சா கழுகுற வெள்ளமும் இரட்டிக்கும். அது எங்க போகும்? பக்கத்துக் கிணத்துக்குத்தான் போகும். வர்கீஸ் என்கிட்ட படிச்ச பையன்தான். அன்னைக்கு அவனுக்கு மார்க் அள்ளிப் போட்டது என் தப்பாக்கும். செக்ரட்டரி, 'டீச்சரே, விவாதிக்கப்பட்டதுன்னு எழுதலாம்'னு எழுதிட்டான். நான் வேண்டாம்னது எங்கயும் இல்ல."

"அப்போ ஏன் ராஜினாமா பண்ணல?" என்று சண்முகம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

டீச்சரின் சிரிப்பு நின்றது. "பண்ணினா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் நல்லா தெரியும். சுயேச்சை டைரக்டர் போனாள்னு கேட்டா பாங்குகாரன் எல்லாம் பயந்து கையை எடுப்பான். கம்பெனி நிக்கும். இந்தத் தெருவில பாதி வீட்டில அடுப்பு எரியறது அந்த ஷெட்டினாலயாக்கும். சும்மா இருந்தா அவங்க கிணறு போகும். போனா அவங்க வேலை போகும். நான் எங்க போக?" என்றவர், "நான் சொன்னதை எங்க வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா கம்பெனியைக் கொல்லாதீங்க" என்றார்.

அந்தச் சொல் எனக்கு உள்ளே இறங்கியது. இத்தனை வருட வேலையில் கடனைக் கொடு என்று கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன், கொடுக்காதே என்று மொட்டைக் கடுதாசி போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தப்பாகவும் கொடுக்காதே, கொடுக்காமலும் இருக்காதே என்று கேட்ட முதல் ஆள் டீச்சர்தான்.

திரும்பி வரும்போது சண்முகம் தானாகவே சொன்னார்.

"மேடம், அன்னைக்கு ஷெட்டுல ஒண்ணு பாத்தேன். உள்ள கிணறு இருக்கு, குழாய் இருக்கு. ஆனா அந்தப் பொம்பளைங்க எல்லாரும் வீட்டுலேந்து பாட்டில்ல தண்ணி கொண்டுட்டு வாராங்க. சுத்தம் பாக்காங்க போலன்னு நெனச்சேன்."

"இதைக் குறிப்பில எழுதினேளா?"

"எந்தக் கட்டத்துல எழுதன்னு தெரியல மேடம்."

பாருங்கள், இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் பாட்டில் எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லாதது போல இருக்கும், ஆனால் மூன்றுக்கும் சொந்தம். கிணறு கெடுவது சுற்றுச்சூழல். குடிக்கத் தண்ணீர் சுமந்து வேலைக்கு வருவது சமூகம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னது எழுதப்படாமல் போவது நிர்வாகம். இவை தனித்தனியாக வருவதில்லை, ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றது வரும். எனக்கு எப்போதும் நிர்வாகக் கட்டத்தில்தான் முதலில் கண் போகும். வேண்டாம் என்று உள்ளே ஒருவர் சொல்லி அதைக் காதில் வாங்காத கம்பெனிக்கு, அடுத்த 'வேண்டாம்' வெளியிலிருந்து வரும். கலெக்டர் ஆபீசிலிருந்து வரலாம், கோர்ட்டிலிருந்து வரலாம், ஊர்க்காரர்கள் வாசலில் வந்து உட்காரலாம். அன்றைக்கு ஆலைக்குப் பூட்டு விழும், நம்முடைய கடனும் அந்தப் பூட்டுக்கு உள்ளேதான் இருக்கும்.

இது கடன் பேச்சுதான், தர்ம உபதேசம் இல்லை. நல்லவர்களுக்குக் கடன் கொடு, கெட்டவர்களுக்குக் கொடுக்காதே என்று நம்மை யாரும் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை. ஆலை நாளைக்கும் ஓடுமா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சோனல் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் ஆண்டு முடிவு நெருங்கும்போது நல்ல மனிதர்களுக்கும் ஒரு மாதிரி ஜுரம் வரும். பசுமைக் கடனில் நம் சோன்தான் முதலில் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அரசாங்க அனுமதி இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, இனி என்ன என்று கேட்டார். அனுமதி இன்றைய உற்பத்திக்கு, நாம் பணம் கொடுக்கப்போவது இரட்டிப்பு உற்பத்திக்கு என்றேன். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"மேடமே, ஒந்நு ஒப்பிட்டேக்கு" என்றார். ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்களேன் என்று அர்த்தம்.

"ஒப்பு வேணமெங்கில் இடாம் சார். சம்மதம் இல்ல" என்றேன். "இடுந்நதின்றெ மேலே அதும் எழுதும்." கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன், ஆனால் அதற்கு மேலே, எனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் எழுதுவேன் என்று அர்த்தம்.

அறையில் இருந்த யாரோ வெளியே போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் நான் ஒப்பு மாமி ஆகிவிட்டேன்.

கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்வது சோம்பேறித்தனம். டீச்சர் கேட்டது அதுவல்ல. நானும் சண்முகமும் உட்கார்ந்து குறிப்பை மாற்றி எழுதினோம். கடன் கொடுக்கலாம், முதல் பணம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அது ஓடத் தொடங்கிய பிறகுதான் கிடங்குக்குப் பணம். ஷெட்டில் குடிதண்ணீர் இப்போதே. இயக்குநர் கூட்டத்தில் யார் எதிர்த்தாலும், எதிர்த்தது அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிவாக வேண்டும். சண்முகம் புது வரிசைப்படி கணக்குப் போட்டுப் பார்த்தார். லாபம் தாமதமாகும், ஆனால் ஆலை நிற்காது என்றார். கமிட்டியில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. இருந்தாலும் நிபந்தனையோடு நிறைவேறியது.

அதைக் கேட்டதும் வர்கீஸ் நேரே ஆபீசுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. அவர் பேசியது மலையாளம். ஒப்பு என்ற சொல்லை மட்டும் தொடாமல் மற்றதைத் தமிழில் தருகிறேன்.

"நான் என்ன கள்ளனா மேடம்? ஒரு தவணை தப்பியிருக்கேனா?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

"பின்னெ? எல்லாருடைய ஒப்பும் இருக்கே?"

"டீச்சரோட சம்மதம் இருக்கா?"

அவர் காது சிவந்தது.

"வேற பாங்க் தயாரா இருக்கு. ஒரு கேள்வி கேக்காம தருவாங்க" என்றார் கடைசியில்.

"தருவாங்க வர்கீஸ் சார். நிச்சயமா தருவாங்க. ஆலைக்குப் பூட்டு விழற அன்னைக்கும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க, நேரே ஜப்தி நோட்டீஸ்தான் வரும். நான் இன்னைக்கே கேக்கறேன். உங்களுக்கு எது வேணும்?"

போய்விட்டார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நல்ல வாடிக்கையாளரை ஓட்டிவிட்டாள் என்று ஆபீசில் பேச்சு. சோனல் மேனேஜர் என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். சண்முகம் மட்டும் தினமும் காலையில் வந்து, "கம்பெனிலேந்து ஏதாவது வந்துதா மேடம்?" என்று கேட்பார். வரவில்லை. என் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை, வர்கீஸின் ரோஷத்தின் மேல்தான் சந்தேகம். அவர் வேறு வங்கிக்குப் போய்விட்டால் நம்முடைய பணம் பிழைக்கும். டீச்சர் தெருவுக்கு என்ன கிடைக்கும்? ரிஸ்க் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. இருந்தாலும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நீங்களும் இப்படிக் காத்திருக்க வேண்டிவரும். சரியாகச் சொல்லிவிட்டோம் என்பது வேறு, சொன்னது நடக்கும் என்பது வேறு. அந்த இடைவெளியில் பலர் தங்கள் குறிப்பை மெல்ல மாற்றி எழுதிவிடுவார்கள். 'நிபந்தனையைத் தளர்த்தலாம்' என்று ஒரு வரி போதும். சண்முகம் ஒருநாள் அந்த வரியை வாய்வரைக்கும் கொண்டுவந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. வர்கீஸ்.

"மேடம், இன்னைக்கு போர்டு மீட்டிங். முதல்ல சுத்திகரிப்பு நிலையம், அப்புறம் கிடங்கு. அப்படியே தீர்மானம் போட்டோம். நான் பட்டணம் முழுக்கச் சுத்திப் பாத்தேன், வேற பாங்குல தரத் தயாராத்தான் இருந்தாங்க. ஆனா அதை டீச்சரைப் பார்த்துச் சொல்லப் போனப்ப, அவங்க வீட்டில எனக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. கடையில வாங்கின பாட்டில். கிணத்துத் தண்ணி வேண்டாம் மோனேன்னு சொன்னாங்க. காலேஜ் காலத்தில அந்தக் கிணத்தடியில டியூஷன் படிச்சவன் மேடம் நான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போனில் தெரியாதே என்று ஆறுதலாக இருந்தது.

"எல்லாருடைய ஒப்பும் உண்டு" என்றார் வர்கீஸ்.

நான் விடவில்லை. "டீச்சர் பக்கத்தில இருக்காங்களா?"

போன் கை மாறியது. சண்முகத்தைக் கிட்டே வரச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். டீச்சரின் குரல், வகுப்பறைக் குரல், அறை முழுக்கக் கேட்டது.

"அந்தத் திருநெல்வேலி சார் இருக்காரா அங்க?"

"இருக்கேன் டீச்சர்" என்றார் சண்முகம், எழுந்து நின்றுகொண்டு.

"எழுதிக்கோங்க. என்னோட ஒப்பு உண்டு. இந்தத் தடவை தமிழ்ல."